முதல் திரையில் நான் வைத்தது

கொட்டாஞ்சேனையில் ஒரு நலன்புரிச் சங்கத்தின் மேல்மாடியில் ஆறு பழைய கணினிகள் வைத்த அறை ஒன்று இருக்கிறது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் அங்கே வந்து கடிதம் எழுதுவார்கள், வேலைக்கு விண்ணப்பிப்பார்கள். பிள்ளைகள் பாடசாலை ஒப்படைகளைச் செய்வார்கள். அந்த ஆறு கணினிகளிலும் ஓடுவது நானும் ஒரு நண்பரும் சேர்ந்து தொகுத்த மென்பொருள். அங்கே ஒரு சனிக்கிழமை நடந்ததைத்தான் எழுதப்போகிறேன். சம்பந்தப்பட்ட பெண்ணை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பரிசோதிக்கும் வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறேன். நண்பர் நுகேகொடையில் இருக்கிறார். சிங்களவர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், என்னை ‘அக்கே’ என்று கூப்பிடுவார். நாங்கள் கதைப்பது சிங்களமும் ஆங்கிலமும் கலந்த ஒரு மொழி. அவர் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்.

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் உலகத்தில் யாரும் ஒரு மென்பொருளை எழுதலாம், யாரும் எடுத்துப் பாவிக்கலாம். அதனால் ஒரே வேலைக்குப் பத்து மென்பொருள் இருக்கும். கடிதம் எழுதப் பத்து, படம் பார்க்கப் பத்து. அவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எது முதலில் திறக்க வேண்டும், எந்த வசதி தொடக்கத்திலேயே இயங்க வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்து, எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டித்தர வேண்டும். நாங்கள் இருவரும் அதைச் செய்துவந்தோம். பழைய கணினியிலும் ஓட வேண்டும், தமிழும் சிங்களமும் சிரமமில்லாமல் எழுத வர வேண்டும், இவ்வளவுதான் எங்கள் நோக்கம். ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒரு பதிப்பில், கடிதம் எழுதும் மென்பொருளாக எதை வைப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டு மிஞ்சின. ஒன்று திறந்தவுடன் வெறும் வெள்ளைப் பக்கத்தைக் காட்டும். மற்றது கடைசியாக எழுதிய ஆவணங்களின் முதல் பக்கங்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் காட்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. கொட்டாஞ்சேனை அறையில் பிள்ளைகள், தாங்கள் போன கிழமை எழுதிய கட்டுரை எங்கே போனது என்று தேடித் திரிவதைப் பார்த்திருக்கிறேன். படமாகக் கண் முன்னால் வந்தால் தேட வேண்டியதில்லை.

நண்பர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அக்கே, பொது இடத்தில இருக்கிற மெசினிலயும் இதே திரைதானா வரும்?”

“ஓம், வரும். பிடிக்காத ஆக்கள் நிப்பாட்டலாம். செட்டிங்ஸில ஒரு டிக்கை எடுத்தாச் சரி.”

“சரி, நீங்க சொன்னா சரி,” என்றார். அதோடு முடிந்தது. இரண்டு நிமிடம் கூட இருக்காது.

பொதுக் கணினிகளில் எல்லாரும் ஒரே பயனர் பெயரில்தான் உள்ளே போவார்கள். ஆளாளுக்குக் கடவுச்சொல் கொடுத்தால் மறந்துவிடுவார்கள் என்று அதையும் நாங்களே எடுத்துவிட்டிருந்தோம். அதுவும் வசதிக்காகத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை கணினிகளைப் புதுப்பிப்பதற்காகப் போயிருந்தேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ். அறையைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயது கடந்த ஒரு முஸ்லிம் மனிதர். முன்பு ஒரு காகிதாதிக் கடையில் வேலை செய்தவர். எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்பார்கள், நானும் அப்படித்தான். கணினியைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் யார் வந்தார், எந்தக் கணினியில் இருந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று கொப்பியில் எழுதி வைப்பதில் கெட்டிக்காரர்.

“மூணாம் நம்பர் மட்டும் கொஞ்சம் ஸ்லோ மிஸ். மத்ததெல்லாம் நல்லா ஈக்கி,” என்றார்.

அதனால் மூன்றாம் நம்பரில் தொடங்கினேன். யன்னலோரக் கணினி. புதுப்பித்து முடித்து, எல்லாம் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்க எழுதும் மென்பொருளைத் திறந்தேன். படங்கள் வரிசையாக வந்தன. முதலாவது, ஒரு கடையின் விலைக்கழிவு விளம்பரம். மூன்றாவது, ‘எனது பாடசாலை’ என்று ஒரு பிள்ளையின் கட்டுரை. அவை இரண்டுக்கும் நடுவில் ஒரு கடிதம்.

வாசிக்க வேண்டும் என்று நினைத்து வாசிக்கவில்லை. எழுத்து கண்ணில் பட்டால் மூளை வாசித்துவிடுகிறது. பொலிஸில் பெண்களுக்கான பிரிவுக்கு எழுதிய கடிதம். அனுப்புபவரின் பெயர் மேலே இருந்தது. அடுத்த மூன்று வரிகள் கணவனைப் பற்றியவை. அந்த வரிகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. இங்கே எழுதமாட்டேன்.

சுட்டியை அந்தப் படத்தின் மேல் கொண்டுபோனேன். கோப்பு இருக்கும் இடம் கீழே தெரிந்தது. அது கணினியில் இல்லை. அந்தப் பெண் தன் பென் டிரைவில் எழுதி, அதிலேயே சேமித்து, கையோடு கழற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு கவனக்குறைவும் இல்லை. தான் வந்த சுவடே இல்லாமல் எழுந்து போனதாகத்தான் அவள் நினைத்திருப்பாள். படத்தை எடுத்து வைத்துக்கொண்டது என்னுடைய முதல் திரை.

எல்லாப் படங்களையும் உடனே அழித்தேன். அந்த வசதியையும் நிறுத்தினேன். டிக்கை எடுக்க மூன்று பட்டியல்கள் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எனக்கே தேடித்தான் கிடைத்தது. மற்ற ஐந்து கணினிகளையும் பார்த்தேன். ஐந்திலும் அந்த டிக் நான் வைத்தபடியே இருந்தது. அத்தனை மாதங்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

பிறகு நானாவிடம் கொப்பியைக் கேட்டேன். கடிதத்தில் இருந்த பெயர் வியாழக்கிழமைப் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நம்பர், மாலை மூன்று மணி. அதற்கு அடுத்த வரி வெள்ளிக்கிழமை காலை, ஓர் ஆணின் பெயர். அதே கணினி.

“இது ஆர் நானா?”

“கடைக்கு விளம்பரம் ஒண்டு அடிக்க வந்தாரு. மேல எழுதியிருக்கிற அந்தப் பொம்புளட புருஷன்ட தம்பி. அண்ணனும் தம்பியும் இந்த ரோட்டுல தான் கட வச்சிருக்கிறாங்க.”

வெள்ளிக்கிழமை காலை அவர் அந்த மென்பொருளைத் திறந்தபோது வரிசையில் முதலாவதாக இருந்தது விளம்பரம் இல்லை. விளம்பரத்தை அவர் இன்னும் எழுதவே தொடங்கவில்லை. முதலாவதாக இருந்தது அந்தக் கடிதம். அண்ணன் மனைவியின் பெயரோடு.

என் முகத்தைப் பார்த்த நானா, “என்ன மிஸ், ஏதும் பிரச்சினையா? அவங்கட நம்பர் ஈக்கி. கோல் எடுத்துச் சொல்லவா?” என்று தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

“வேண்டாம் நானா. அந்த போன் இப்ப ஆரின்ர கையில இருக்கெண்டு எங்களுக்குத் தெரியாது.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. தொலைபேசியைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவங்கட புள்ள கீழ இங்கிலிஷ் கிளாஸுக்கு வந்திருக்கி. பன்னெண்டு மணிக்கு முடியும். அவங்க தான் வந்து கூட்டிட்டுப் போற.”

அப்போது பத்து மணி. இரண்டு மணித்தியாலம் இருந்தது.

நான் அவளுக்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளியே போய் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். நுகேகொடைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் விலை கூவும் சத்தம் கேட்டது. யார், என்ன கடிதம் என்று எதுவும் சொல்லாமல், ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் பட்டிருக்கிறது, ஆபத்தான விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

“நான் அண்டைக்கே கேட்டனே” என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு விதத்தில் லேசாக இருந்திருக்கும்.

“அக்கே, எங்கட பொதியைப் போட்டிருக்கிற மத்த அறைகளுக்கு நான் இப்பவே கோல் எடுக்கிறன். அந்த டிக்கை எடுக்கச் சொல்லுறன். நீங்க அங்கயே இருங்க,” என்றார். பிறகு, “நானும் தானே சரியெண்டு சொன்னனான்,” என்றார்.

மீதிக் கணினிகளைப் புதுப்பித்தேன். கை வேலை செய்தது. மனம் அந்த வெள்ளிக்கிழமைக் காலையிலேயே நின்றது. அந்தத் தம்பிக்காரர் கடிதத்தைக் கண்டவுடன் என்ன செய்திருப்பார்? அண்ணனிடம் போயிருப்பாரா? கண்ட நேரத்திலிருந்து ஒரு முழு நாள் கழிந்துவிட்டது. அந்த வீட்டில் அந்த ஒரு நாளில் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கக் கூடாது என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். அவள் பிள்ளையைக் கூட்டிப்போக வராமல் விட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று வேறு.

யாரும் மாற்றாவிட்டால் தொடக்கத்திலிருந்தே இருக்கும் அமைப்பை ஆங்கிலத்தில் ‘டிஃபோல்ட்’ என்பார்கள், தமிழில் ‘இயல்பிருப்பு’ என்று போடுவோம். எங்கள் பொதியில் அந்தச் சொல்லை நானே நூறு இடத்திலாவது எழுதியிருப்பேன். மழை பெய்வது போல, கடல் இருப்பது போல அதுவும் இயல்பாக இருப்பதாகக் கேட்பவருக்குத் தோன்றும். அதில் இயல்பு எதுவும் இல்லை. வெள்ளவத்தையில் ஒருத்தி கதிரையில் இருந்துகொண்டு இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவு அது. விரும்பாதவர்கள் மாற்றலாம் என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் மாற்றத் தெரிந்தவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள். எங்களுக்கு அந்த அறை தேவையே இல்லை. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் நான் வைத்ததை வைத்தபடியே பாவிக்கிறவர்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டதும் மாடிப்படித் திருப்பம் வரை இறங்கி நின்றேன். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நானா என் பக்கத்தில் வந்து நின்று, தலையை அசைத்துக் காட்டினார். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பச்சை நிறச் சட்டை, கையில் குடை. முகத்தில் காயம் ஏதும் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை.

நானா அவளிடம், “இவங்க தான் நம்மட கொம்பியூட்டர் எல்லாத்தயும் செஞ்ச மிஸ். உங்ககிட்ட ஒரு விஷயம் கதைக்கணுமாம்,” என்றார். பிள்ளையிடம், “வாங்க மகள், ஒரு டொபி தாறேன்,” என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனார். நாங்கள் இருவரும் மாடிப்படித் திருப்பத்தில் நின்றோம்.

“நீங்க வியாழக்கிழமை பாவிச்ச மெசினில ஒரு பிழை இருந்தது,” என்று தொடங்கினேன். அது சரியில்லை என்று எனக்கே பட்டது. “பிழை இல்ல. நாங்கதான் அப்பிடி வச்சிருந்தம். நீங்க எழுதினது பென் டிரைவிலதான் இருக்கு. ஆனா முதல் பக்கத்தின்ர படம் அந்த மெசினில நிண்டிட்டுது. அடுத்ததாத் திறக்கிற ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கும்.”

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள்.

“நீங்க படிச்சீங்களா?”

“மூண்டு வரி. கண்ணில பட்டிட்டுது. உடன அழிச்சிட்டன். இப்ப ஒண்டும் இல்ல.”

“வேற யாரு பார்த்தாங்க?”

“வெள்ளிக்கிழமை காலம அந்த மெசினில இருந்தவர்…” கொப்பியில் இருந்த பெயரைச் சொன்னேன்.

அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்தாள்.

“அதுனாலதானா,” என்றாள். “அப்போ யாரும் சொல்லிக் குடுக்கலயா?”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

“நேத்து மத்தியானம் கொழுந்தன் வீட்டுக்கு வந்தாரு. இவரு கடையில இருந்தாரு. குசினி வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அண்ணி, நீங்க எழுதுறத எழுதுங்க. பயப்படாதீங்க. பொலிஸ்ல கூப்பிட்டாங்கன்னா நானும் வந்து நான் கண்டத சொல்றேன்’னு சொன்னாரு. எனக்கு உசுரே போயிருச்சு. என்ன எழுதுறேன், நான் ஒன்னும் எழுதலையேன்னு சொல்லிட்டேன். அவரு திரும்பிப் போயிட்டாரு.”

“அவர் அண்ணனிட்டச் சொல்லேல்லையா?”

“இல்ல மிஸ். சொல்லியிருந்தா நான் இங்க வந்து நிக்கமாட்டேன்.”

நானும் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியை நான் அனுபவித்தது குறைவு. முகம் தெரியாத ஒரு மனிதர், கடைக்கு விளம்பரம் அடிக்க வந்தவர், என்னுடைய தவறால் தன் கண்ணில் பட்ட ஒன்றை வைத்துக்கொண்டு நல்ல காரியம் செய்திருக்கிறார். அவருடைய நல்ல மனத்தில் என் பங்கு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

“நேத்திலேர்ந்து நான் யார்மேல எல்லாம் சந்தேகப்பட்டேன் தெரியுமா? இந்த நானா மேல சந்தேகப்பட்டேன். அவரு பாவம், நான் எழுதும்போது பக்கத்துல கூட வரல. இந்தப் புள்ளய அடிக்காத குறையா கேட்டேன், நீ சித்தப்பாகிட்ட ஏதாவது சொன்னியான்னு. அழுதுச்சு.” பிள்ளை போன பக்கம் பார்த்தாள். “கையால எழுதினா எழுத்து தெரிஞ்சிரும், பேப்பர ஒளிச்சு வைக்கணும்னுதான் இங்க வந்தேன். இங்கன்னா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.”

“மன்னிச்சுக்கொள்ளுங்க,” என்றேன்.

“ஏன் அப்படி வச்சீங்க?”

“பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு லேசா இருக்கும் எண்டு நினைச்சன். தாங்க எழுதினத தாங்களே கெதியாக் கண்டுபிடிக்கலாம் எண்டு.”

அந்தக் காரணத்தை அவள் தள்ளிவிடவில்லை. அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

“சரி. ஆனா இங்க வர்றவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

கேட்டிருக்கலாம். அந்த அறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். நானா தந்த பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு, ஆட்கள் இருந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் எதுவும் கேட்டதில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

“இப்ப எழுதினா தெரியாதா?” என்று கேட்டாள்.

“தெரியாது. வாங்க, நீங்களே பாருங்க.”

மேலே போனோம். மூன்றாம் நம்பரிலேயே இருத்தினேன். அவள் தன் பென் டிரைவைப் போடவில்லை, என்னுடையதை வாங்கிப் போட்டாள். ஒரு புதுப் பக்கம் திறந்து, தன் பெயரை எழுதாமல், ‘அம்மா இங்கே வா’ என்று எழுதினாள். சேமித்தாள். மூடி, டிரைவைக் கழற்றினாள். திரும்பத் திறந்தாள். வெறும் வெள்ளைப் பக்கம் வந்தது. கணினியை முழுக்க நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டாள். திறந்தாள். வெள்ளைப் பக்கம். பிறகு, நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் செய்தாள். எழுதும் மென்பொருளை விட்டுவிட்டு, கோப்புகள் இருக்கும் பெட்டியைத் திறந்து, அதில் ‘அண்மையில்’ என்று ஓரத்தில் இருந்த சொல்லைத் தட்டினாள். அங்கே அந்தக் கோப்பின் பெயர் இருந்தது.

“இது என்னா?” என்றாள்.

பரிசோதிப்பதுதான் என் தொழில் என்று முன்பே சொன்னேன். அந்த இடம் எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் அவள் முன்னாலேயே நிறுத்தினேன். அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். இந்தத் தடவை எங்கேயும் எதுவும் இல்லை. அப்போதுதான் கதிரையின் முதுகில் சாய்ந்தாள்.

“இப்ப சரி,” என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும்போது பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு போனாள். என்னிடம் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த நாள் நுகேகொடைக்குப் போனேன். நண்பர் வீட்டு மேசையில் எங்கள் பொதியின் தீர்மானங்கள் எல்லாவற்றையும் அச்சடித்து வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதை நினைவில் வைக்கிறது, எதை வெளியே அனுப்புகிறது, எது கேட்காமலே இயங்குகிறது. முதல் தடவை திறக்கும்போதே ‘நீங்கள் எழுதுவதை இந்தக் கணினி நினைவில் வைக்கட்டுமா?’ என்று கேட்டால் என்ன என்றேன்.

“அக்கே, ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. ஓகேயை அமத்திட்டுப் போயிடுவாங்க. பிறகு நாங்க, கேட்டம் தானே எண்டு சொல்லிட்டு நிம்மதியா இருப்பம்.”

அது சரிதான். அப்படிக் கேட்பது எங்களைக் காப்பாற்றும், அவர்களை இல்லை. நீண்ட நேரம் தர்க்கப்பட்டோம். கடைசியில் எதுவுமே நினைவில் வைக்காததைத் தொடக்கத்தில் வைப்பது, வேண்டும் என்கிற இடத்தில் நாங்களே போய்க் கேட்டு இயக்குவது என்று முடிவெடுத்தோம். வீட்டில் தனியாகப் பாவிப்பவருக்கு இது கொஞ்சம் கரைச்சல். ஆனால் அவருக்கு நேருகிற நட்டம் ஐந்து நிமிடத் தேடல். மற்றப் பக்கத்தில் நேரக்கூடிய நட்டம் என்ன என்று நாங்கள் பார்த்துவிட்டோம்.

பிறகு, தொலைபேசியில் சொல்லியும் டிக்கை எடுக்கத் தெரியாமல் விட்டிருந்த இடங்களுக்கு அறை அறையாகப் போனோம். கொச்சிக்கடையில் துறைமுக வேலைக்காரர்கள் வந்துபோகிற ஓர் அறையில், நாங்கள் கேட்டவுடன், “ஐயோ, நிப்பாட்டுங்க, எங்கட சுயவிபரம் எல்லாம் மத்தவன் பார்க்கிறான்,” என்றார்கள். இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்றோம். கொம்பியூட்டர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம் என்றார்கள். பேலியகொடையில் மீன் வியாபாரிகள் சிலர் சேர்ந்து வைத்திருக்கிற அறையில் நேர்மாறு. அங்கே எல்லாரும் ஒரே ஆவணத்தைத்தான் மாறி மாறி எழுதுகிறார்கள். படங்களை நீக்கினால் எப்படித் தேடுவது என்று சண்டைக்கு வந்தார்கள். “எபா மிஸ், வேணாம், அது இருக்கட்டும்,” என்று ஒருவர் சிங்களமும் தமிழுமாகத் தடுத்தார். விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் கேட்டு வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குச் சங்கடம் இல்லை.

எங்கள் பொதியை எங்கிருந்தோ இறக்கிக்கொண்ட, எங்களுக்குத் தெரியாத ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போக வழியில்லை. அடுத்த பதிப்பின் குறிப்பில், முதல் வரியிலேயே, என்ன பிழையாக வைத்தோம், அதனால் என்ன நடக்கலாம், எப்படி நிறுத்துவது என்று மூன்று மொழியிலும் எழுதினோம். ‘மேம்பாடு’ என்று நண்பர் முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘நாங்கள் விட்ட தவறு’ என்று எழுதினேன். அவர் மறுக்கவில்லை. அந்தக் குறிப்பைப் போட்ட பிறகு சிலர் திட்டி எழுதினார்கள். வசதியைக் குறைத்துவிட்டோம் என்று இரண்டு பேர் எங்கள் பொதியையே விட்டுப் போனார்கள். இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை, தன் கட்டுரை தொலைந்துவிட்டதென்று அழுததாக நானா சொன்னார். அடுத்த சனிக்கிழமை போய், அவளுக்குப் பக்கத்தில் இருந்து, தனக்கென்று ஒரு கோப்புறை திறந்து அதற்குள் எழுதுவது எப்படி என்று காட்டினேன். பத்து நிமிடம் எடுத்தது. அவள் அதற்குத் தன் பெயரைப் போடாமல் ‘கிளி’ என்று பெயர் வைத்தாள். ஏன் என்றால், வேறு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதாம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது. கொழுந்தன் சொன்னபடியே அவளோடு போய்த் தான் கண்டதைச் சொன்னாராம். பிறகு தாயும் பிள்ளையும் அந்த வீட்டை விட்டு வந்து வேறு இடத்தில் இருக்கிறார்களாம். இவ்வளவுதான் நானா சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. எங்கே என்று அவர் சொல்லவில்லை, ஒருவேளை அவருக்குத் தெரியவும் தெரியாது.

பல மாதம் கழித்து, ஒரு பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அவளைக் கண்டேன். பிள்ளை பக்கத்தில் நின்று எதையோ கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள். எங்கள் கண்கள் சந்தித்தன. என்னை அடையாளம் கண்டுவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வையைச் சாவகாசமாக மரக்கறிப் பக்கம் திருப்பி, கடைக்காரரிடம் சிங்களத்தில் விலை கேட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்தத் தடவை அவள் ஒரு சுவடும் விடாமல் போகிறாள் என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. நானும் என் முருங்கைக்காயைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கமாக நடந்தேன்.